படத்தில் நிற்பவள் பெயர் என்ன?

உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். அங்கே ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கிறதா? சுவரில் இல்லாவிட்டால் பரணில், டிரங்குப் பெட்டியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் நிச்சயம் ஒன்று இருக்கும். நடுவில் நாற்காலி போட்டுக் கொள்ளுத் தாத்தா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் கொள்ளுப் பாட்டி, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக் கொண்டு, எதிரே நிற்பது போட்டோக்காரர் அல்ல, எமதர்மராஜன் என்பது போல விழித்துக் கொண்டிருப்பாள். பின்னால் திரைச் சீலையில் ஒரு மாளிகையும் பூந்தோட்டமும் வரைந்திருக்கும். அந்த மாளிகைக்கும் நம் குடும்பத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது!

போகட்டும். அந்தப் படத்தில் இருப்பவர்கள் அத்தனை பேருடைய பெயரும் உங்களுக்குத் தெரியுமா?

சாதாரணக் கேள்விதான். ஆனால் நாசரேத்தில் ஒரு வீட்டில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக் கொண்டது, இன்னும் விட்டபாடில்லை.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் ஏறினால், ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ஸ்டேஷன் நாசரேத். நம்மாழ்வார் பிறந்த ஊரைத் தாண்டியதும் இயேசுநாதர் வளர்ந்த ஊர்! இப்படி ஒரு பொருத்தம் வேறு எந்த ரயில் பாதையில் கிடைக்கும்? ஊரைச் சுற்றிப் பனைகள். பனைகளுக்கு நடுவே பரிசுத்த யோவான் பேராலயம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழிற்பள்ளி என்று ஊரில் எதைத் தொட்டாலும் மர்காஷிஸ் ஐயர் என்ற பெயரில் வந்து முடிகிறது. 1876-ஆம் ஆண்டு வாக்கில் வந்த இந்தப் பாதிரியார் 1908-இல் இங்கேயே கண்ணை மூடினார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டு ஜனங்களை எப்படியெல்லாம் படம் பிடித்தார்கள் என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகப் பழைய படங்களின் பிரதிகளை ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டு போயிருந்தேன். நான் தங்கியது ஒரு சிநேகிதியின் பாட்டி வீட்டில். அவருக்கு வயது எண்பத்தெட்டு. எல்லாரும் ‘ஆச்சி’ என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பகல் சாப்பாடு ஆனதும் ஆச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் கொண்டு, என் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தபால் அட்டைப் படத்தில் கை நின்றது. இடுப்பில் அரிவாள் பெட்டியோடு பனைமரத்தைத் தழுவி ஏறுகிற ஒருவர்.

“இவுக யாரும்மா? எந்த ஊரு?” என்று கேட்டார்.

“தெரியாது ஆச்சி. கீழே ‘பனையேறி, தென்னிந்தியா’ என்று மட்டும்தான் அச்சடித்திருக்கிறது.”

ஆச்சி படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னாலும் ஒன்றும் இல்லை.

“ஏம்மா, படம் எடுத்தவன் பேர் கேக்கலியா?”

என்ன பதில் சொல்வது? நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்திருக்கிறேன். பல புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். இத்தனை சுருக்கமாக இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ஆயாவும் ஒரு தபால் அட்டை

பிரான்ஸ் தேசத்தில் டாகேர் என்பவர் கண்டுபிடித்த படம் பிடிக்கும் முறை உலகத்துக்கு வெளியானது 1839-ஆம் ஆண்டில். சென்னையில் 1856-இலேயே போட்டோக் கலைக்கு ஒரு சங்கம் ஏற்பட்டு விட்டது! புது நாகரிகங்களை வரவேற்பதில் சென்னைப் பட்டணம் என்றுமே பின்தங்கியதில்லை. பிறகு இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் படத் தபால் அட்டை என்ற மோகம் வந்தது. மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கம்பெனிகள் அச்சடித்து விற்றன. கடற்கரை, கோட்டை, கோயில் எல்லாம் அட்டையில் வந்தன. அவற்றோடு சமையற்காரன், வண்ணான், தண்ணீர் சுமப்பவன், அம்பட்டன், ஆயா ஆகியோரும் அட்டைகளில் வந்தார்கள். துரைசானிகள் அவற்றை வாங்கி, சீமையில் இருக்கும் அக்கா தங்கைகளுக்கு நாலு வரி எழுதித் தபாலில் போட்டார்கள். 2018-ஆம் ஆண்டில் லண்டனில் இந்தச் சென்னை, பெங்களூர் அட்டைகளை வைத்து ஒரு கண்காட்சியே நடத்தினார்கள்.

அட்டையில் ஆயா சுத்தமான வெள்ளைப் புடவையில் நிற்கிறாள். மடியில் அல்லது இடுப்பில் வெள்ளைக் குழந்தை. கீழே ‘ஆயா’ என்று ஒரே வார்த்தை. குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயர் உண்டு, குடும்பப் பெயர் உண்டு, மாதா கோயில் பதிவேட்டில் தேதி உண்டு. அதைத் தூக்கி வளர்த்தவளுக்கு ஒரு தொழில் மட்டும் உண்டு!

முருங்கை மரத்தைப் படம் எடுக்கிறவன் அந்த மரத்தின் பெயரைக் கேட்பானா? ‘முருங்கை’ என்று எழுதினால் போதும். எந்த முருங்கையாய் இருந்தால் என்ன? அதே கணக்குத்தான் இது. பனையேறி ஒருவரைப் படம் எடுத்தால் உலகத்துப் பனையேறிகள் எல்லாரையும் எடுத்தாயிற்று. ஆயா ஒருத்தியை எடுத்தால் எல்லா ஆயாக்களும் அதில் அடக்கம். ஆளைப் பார்க்காமல் ‘வகை’யைப் பார்க்கிற இந்தப் பார்வை தபால் அட்டையோடு நின்றிருந்தால் பாதகமில்லை. சர்க்காரும் அதே பார்வையைத்தான் பார்த்தது.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு, தாங்கள் ஆளுகிற ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்து கொள்ள வெள்ளைக்காரர்களுக்குத் திடீரென்று அவசரம் வந்து விட்டது. ‘இந்தியாவின் மக்கள்’ என்ற பெயரில் எட்டு வால்யூம்கள், 1868 முதல் 1875 வரை, 468 படங்களோடு லண்டனில் வெளியாயின. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு குறிப்பு. இன்ன ஜாதி, இன்ன குணம், விசுவாசமானவர்களா அல்லது கலகக்காரர்களா என்பது வரையில் சொல்லும் குறிப்பு! மளிகைக் கடையில் டின்களுக்குச் சீட்டு ஒட்டுவது போலத்தான்.

1869-இல் சர் சையத் அகமத் கான் தம் பிள்ளைகளோடு லண்டனில் இருந்தார். பின்னால் அலிகரில் கல்லூரி கண்ட அதே பெரியவர்தான். இந்தியா ஆபீஸில் இந்தப் புத்தகத்தைப் பார்க்கும்படி நேர்ந்தது. பிள்ளை சையத் மகமூத் படங்களைப் புரட்டிக் கொண்டிருந்தபோது, அங்கே வந்த ஓர் ஆங்கில வாலிபன், “நீ இந்துஸ்தானியா?” என்று கேட்டான். பிள்ளைக்கு முகம் சிவந்து விட்டது. “ஆம்” என்று சொல்லி விட்டு, தான் இந்த நாட்டின் ஆதிவாசி அல்ல, தன் முன்னோர்கள் வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று அவசரமாகச் சேர்த்துக் கொண்டானாம். இதை எழுதி வைத்திருப்பவர் தகப்பனாரேதான். அந்தப் பையன் பட்ட வேதனை நமக்குப் புரிகிறது. ஆனால் தன்மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் பக்கத்தில் இருப்பவன் முதுகில் ஒட்டினான், பார்த்தீர்களா? அதுவும் புரியத்தான் செய்கிறது.

முத்துச் சிப்பியும் மூக்கும்

இனி நம் தூத்துக்குடிக்கு வருவோம்.

எட்கர் தர்ஸ்டன் என்ற துரை 1885 முதல் 1908 வரை சென்னை எழும்பூர் மியூஸியத்தின் தலைவராக இருந்தவர். படிப்பால் டாக்டர், ஆசையால் கடல் ஜீவராசிகளை ஆராய்கிறவர். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பியையும் சங்கையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1890-இல் வெளிவந்தது. சிப்பிப் பாறைகளைச் சோதித்து, சிப்பி வளர்ந்திருக்கிறதா, எத்தனை கிடைக்கும் என்று மதிப்புப் போடுவது அந்தக் காலத்துச் சர்க்காருக்கு முக்கியமான வேலை. ஏனென்றால் முத்துக் குளிப்பில் சர்க்காருக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லைப் பிடித்துக் கொண்டு கடலுக்குள் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி வருகிற பரதவர்களுக்குக் கிடைத்ததோ சிறு பங்குதான். (தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. இன்று ‘முத்து நகர்’ என்ற பெயர் ரயிலுக்கு இருக்கிறது!)

சிப்பியை அளந்த துரை பிறகு மனிதர்களை அளக்க ஆரம்பித்தார். கையில் ஓர் அளவு கருவி. மூக்கு எத்தனை நீளம், எத்தனை அகலம்? மண்டை எத்தனை சுற்றளவு? மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் ஒரு மனிதன் எந்தக் குலத்தவன், அந்தக் குலம் எவ்வளவு உசத்தி என்று கண்டு பிடித்து விடலாம் என்பது அந்த நாளையப் பெரிய விஞ்ஞானம். இன்று அந்த விஞ்ஞானத்தை ஒரு விஞ்ஞானியும் மதிப்பதில்லை. மூக்குக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இருந்தால் நம் மாமியார்கள் பெண் பார்க்கும் படலத்திலேயே எல்லாவற்றையும் கண்டு பிடித்திருக்க மாட்டார்களா?

தர்ஸ்டன் சளைக்காத மனிதர். மலை, காடு, சந்தை, சிறைச்சாலை என்று ஓயாமல் சுற்றினார். அளந்தார், படம் எடுத்தார். ரங்காச்சாரி என்பவரைத் துணையாகக் கொண்டு 1909-இல் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற ஏழு வால்யூம் புத்தகத்தை வெளியிட்டார். இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தேடி எடுக்கிறார்கள். கல்யாணச் சடங்குகள், பழமொழிகள், நகைகள் என்று அதில் இருக்கும் விஷயங்களுக்கு அளவில்லை. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? அதையும் துரை தம் முன்னுரையிலேயே சிரித்துக் கொண்டு எழுதியிருக்கிறார். வயநாட்டில் பணியப் பெண்கள் இவர் தலையைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்களாம். அவர்களில் நல்ல அழகிகளாகப் பார்த்துப் பிடித்துக் கொண்டு போய், பஞ்சடைத்து, சென்னை மியூஸியத்தில் வைத்து விடுவார் என்று பயம்!

இதைப் படித்து விட்டு நானும் முதலில் சிரித்தேன். கொஞ்சம் யோசித்ததும் சிரிப்பு நின்று விட்டது. மியூஸியத்தில் புலி உண்டு, கரடி உண்டு, மீன் உண்டு, எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. அங்கிருந்து வருகிற ஒருவர் கையில் அளவுகோலோடு வந்து, “மூக்கைக் காட்டு” என்றால் அந்தப் பெண்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ‘போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும்’ என்று நம் பாட்டிமார்கள் சொன்னதை மூடநம்பிக்கை என்று கேலி செய்கிறோம். பணியப் பெண்கள் பயந்ததில் ஒரே ஒரு விவரம்தான் தப்பு: பஞ்சு அடைக்கவில்லை. மற்றபடி மியூஸியத்துக்காகப் பிடித்துக் கொண்டு போனது வாஸ்தவம்தான்.

கட்டம் போட்ட திரை

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாசரேத்துக்குத் தென்மேற்கே, அன்றைய திருவிதாங்கூரின் தென்பகுதியில், நாடார் குலப் பெண்களும் மற்றும் சில குலத்துப் பெண்களும் மாராப்புப் போட்டுக் கொள்ளக் கூடாது என்று ஒரு கொடிய வழக்கம் இருந்தது. அந்தப் பெண்கள் பணியவில்லை. 1820-களிலிருந்து அடியும் உதையும் பட்டு, சந்தையில் துணி கிழிக்கப்பட்டு, வீடு கொளுத்தப்பட்டுப் போராடினார்கள். கடைசியில் 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26-ஆம் தேதி மகாராஜா உத்தரவு போட்டார். ‘மேல் ஜாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது, ஆனால் மூடிக் கொள்ளலாம்’ என்று அரை மனதான உத்தரவு. அந்த அரை மனதுக்கே முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

அதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து லண்டனில் என்ன நடந்தது, கேளுங்கள். 1869-இல் பேராசிரியர் ஹக்ஸ்லி, பேர் பெற்ற விஞ்ஞானி, பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் உள்ள எல்லா இனத்தவரையும் ஒரே மாதிரியாகப் படம் எடுக்க ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார். ஆணும் பெண்ணும் ஆடையின்றி நிற்க வேண்டும், நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அருகே அளவுகோல். குடியேற்ற நாடுகளின் இலாகா கவர்னர்களுக்கு இதை அனுப்பியும் வைத்தது. அதே ஆண்டில் லாம்ப்ரே என்பவர் ஒரு மரச் சட்டத்தில் பட்டு நூலை இரண்டு அங்குலச் சதுரங்களாகக் கட்டி, அதன் முன்னால் மனிதர்களை நிறுத்திப் படம் எடுக்கும் உபாயத்தை வெளியிட்டார். பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் போலக் கட்டம் கட்டமாகப் பின்னணி! எந்த அவயவம் எத்தனை கட்டம் என்று எண்ணிப் பார்க்க வசதி. பின்னால் 1890-களில் அந்தமான் தீவுகளில் போர்ட்மன் என்ற உத்தியோகஸ்தர் அங்குள்ள ஆதிக்குடிகளை இப்படிக் கட்டத் திரை முன்னால் நிறுத்தி எடுத்த படங்கள் இன்றும் லண்டனில் இருக்கின்றன.

ஹக்ஸ்லியின் திட்டம் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. பல இடங்களிலிருந்து படங்கள் வரவேயில்லை, வந்தவையும் அரைகுறை. ஜனங்களும் சம்மதிக்கவில்லை, பல இடங்களில் உத்தியோகஸ்தர்களும் கூசினார்கள். ஒரு முழம் துணிக்காக உயிரை வெறுத்துப் போராடிய பெண்கள் ஒரு பக்கம். அந்தத் துணியை விஞ்ஞானத்தின் பெயரால் எடுத்து விடச் சொன்ன படித்த மகான்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாகரிகம் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு சங்கதியையும் சொல்லியாக வேண்டும். மனசுக்குக் கஷ்டமானதுதான். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். அப்போது சென்னை ராணுவத்தில் இருந்த ஹூப்பர் என்ற அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் படம் எடுத்தார். எலும்பும் தோலுமான குடும்பங்களை, கலியாண வீட்டுக் குரூப் போட்டோவுக்கு உட்கார வைப்பது போல, முன் வரிசை பின் வரிசை என்று உட்கார வைத்திருக்கிறார்! காமிராவும் கண்ணாடித் தகடும் தயாராகும் வரையில் அவர்கள் அசையாமல் இருந்திருக்க வேண்டும். படம் எடுத்த கையோடு அவர்களுக்கு ஒரு பிடி சோறு கூடப் போடாமல் அனுப்பி விட்டார் என்று பிற்பாடு குற்றச்சாட்டு எழுந்தது. அது எப்படியோ, 1886-இல் மாண்டலேயில் பர்மியர்களைச் சுட்டுக் கொல்லும்போது, குண்டு பாயும் கணத்தைப் படம் பிடிப்பதற்காகத் தண்டனையை நிறுத்தி வைத்ததாக இதே ஹூப்பர் மேல் புகார் கிளம்பி, பார்லிமெண்டு வரை போய், விசாரணை நடந்து, அவர் கண்டிக்கப்பட்டார்.

ஆனால் நேயர்களே, ஒன்றையும் மறைக்கக் கூடாது. பஞ்சத்தின் கோரத்தைச் சீமையில் இருந்தவர்கள் நம்பியது படங்களைப் பார்த்துத்தான். பத்திரிகைகளில் அவை சித்திரங்களாக வந்தன, நிதியும் திரண்டது. ஆகவே காமிராவைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அந்தக் குடும்பங்களில் ஒருவருடைய பெயராவது எழுதப்பட்டிருக்கிறதா என்றால், நான் பார்த்த படங்களில் இல்லை. ‘கைவிடப்பட்டவர்கள்’, ‘உதவிக்குரியவர்கள்’ என்பது போன்ற தலைப்புகள்தான்.

ஊர் திருப்பிக் கொடுத்த பதில்

நாசரேத்துக்கு இந்த விவகாரம் புதிதல்ல. காமிரா வந்து சேருவதற்கு முன்பே இந்தப் பக்கத்து ஜனங்களை ஒருவர் எழுத்தாலேயே படம் பிடித்து விட்டார். அவர் வேறு யாருமல்ல, கால்டுவெல் ஐயர்தான்! 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதித் தமிழுக்கு உலகத்தில் மதிப்புத் தேடித் தந்தாரே, அவரேதான். சென்னைக் கடற்கரையில் சிலையாக நிற்கிறார். ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1849-இல், ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். அந்தக் காலத்தில் நாடார் சமூகத்தாரை அப்படித்தான் எழுதுவார்கள். தாம் யார் நடுவே வாழ்ந்தாரோ, அவர்களை மந்த புத்தியுள்ளவர்கள், பேய்களைக் கும்பிடுகிறவர்கள் என்று அதில் வர்ணித்திருந்தார். அது சீமையில் இருக்கும் ஆங்கிலேயர்கள் படிப்பதற்காக எழுதியது. இங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ!

படித்தவர்கள் இருந்தார்கள். நாசரேத்தில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும். எபிரேயமும் கற்றிருந்தார் என்பார்கள். இங்கிருந்த ஐரோப்பியப் பாதிரியாரோடு அவருக்கு ஏற்கெனவே மனஸ்தாபம். அதோடு இந்தப் புத்தகமும் சேர்ந்து கொண்டது. 1857-இல் பக்கத்துப் பிரகாசபுரத்தில், வெள்ளைக்காரர் தலைமை இல்லாத ஒரு கிறிஸ்தவ சபையைத் தாமே ஏற்படுத்தினார். ஞாயிறுக்குப் பதிலாகச் சனிக்கிழமை ஓய்வு நாள்; நம் நாட்டு முறையில் வழிபாடு. வேதம் வேண்டும், வெள்ளைக்காரன் எடுத்த படம் வேண்டாம் என்று சொன்னது போல இருக்கிறதல்லவா? புத்தகத்தை எதிர்த்து எழுந்த குரல் அதன் பிறகும் பல்லாண்டுகள் ஓயவில்லை. 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ‘நாடார்’ என்ற பெயரையே எழுதுவதென்று சென்னை சர்க்கார் ஒப்புக் கொண்டது. தன் பெயரைத் தானே சொல்லிக் கொள்ள ஒரு சமூகத்துக்கு எத்தனை காலம் பிடித்திருக்கிறது, பாருங்கள்!

பெயரோடு எடுத்த படங்கள் இல்லவே இல்லையா? உண்டு. அதுவும் நெல்லைச் சீமையிலேயே. டோனாவூரில் குழந்தைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1903-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் படம் எடுத்த ஆங்கிலப் பெண்மணிக்கு ‘படம் பிடிக்கும் மிஸ்ஸியம்மாள்’ என்று பெயர்! 1909-இல் வந்த ‘தாமரை மொட்டுகள்’ என்ற அவருடைய இன்னொரு புத்தகத்துக்கு ஊட்டியிலிருந்து பென் என்ற போட்டோக்காரர் வந்து ஐம்பது படங்கள் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் குழந்தைகள். அந்தப் படங்களில் ஒரு குழந்தையும் ‘தென்னிந்தியக் குழந்தை’ என்று நிற்கவில்லை. ஒருத்தி தாரா, ஒருத்தி சீலா. செல்லலு என்று ஒரு பெரிய விஷமக்காரி! படம் எடுத்ததற்கும் ஒரு நோக்கம் இருந்தது, மிஷனுக்கு ஆதரவு தேடுவது. ஆனாலும் எழுதியவளுக்கு அந்தக் குழந்தைகளைத் தெரியும். இரவில் எது அழும், எது பால் குடிக்க அடம் பிடிக்கும் என்று தெரியும். அது படத்தில் எப்படியோ ஒட்டிக் கொண்டு விடுகிறது.

அதற்கு நேர் எதிர், ஜூலியா மார்கரெட் காமரன். இங்கிலாந்தில் டென்னிஸன், டார்வின் ஆகியோரைப் படம் எடுத்துப் புகழ் பெற்றவள். 1875-இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் இருந்தபடி, தோட்டத்து வேலைக்காரர்களையும் ஊராரையும் எடுத்தாள். அழகான படங்கள், ஆனால் டென்னிஸனுக்கு இருந்த பெயர் இவர்களுக்கு இல்லை. அவளைப் பார்க்க வந்த மரியான் நார்த் என்ற சித்திரக்காரி ஒரு வேடிக்கை எழுதியிருக்கிறாள். ஒரு மனிதனுடைய முதுகு அம்மாளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்றாம். அதற்காகவே அவனைத் தோட்டக்காரனாக வைத்துக் கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தாளாம். வீட்டில் தோட்டமே கிடையாது! முதுகுக்குச் சம்பளம் கொடுத்தவள் பெயரைக் கேட்டு எழுதி வைத்திருக்கக் கூடாதா?

போனது போகட்டும், இனி என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். கனடா தேசத்தில் ஒரு காரியம் செய்தார்கள். வடக்கே பனிப் பிரதேசத்தில் வாழும் இனுயிட் ஜனங்களைப் பல வருஷங்களாகச் சர்க்கார் ஆட்கள் எடுத்த படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. ‘எஸ்கிமோ பெண்’, ‘எஸ்கிமோ குடும்பம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். 2002-ஆம் ஆண்டில் அந்தச் சமூகத்து இளைஞர்களிடம் படங்களின் பிரதிகளைக் கொடுத்து, ஊர் ஊராகப் பெரியவர்களிடம் காட்டச் சொன்னார்கள். “அட, இது என் அத்தை அல்லவா!” என்று ஒவ்வொருவராகச் சொல்ல, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. நம் பக்கத்திலும் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் குடும்பப் படங்களைத் தேடிப் பிடித்து நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

இத்தனையும் ஆச்சியிடம் எனக்குத் தெரிந்த மட்டில் சொல்லி முடித்தேன். ஆச்சி எழுந்து போய், பீரோவிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தார். தூத்துக்குடி ஸ்டூடியோவில் எடுத்தது. ஆச்சியின் தகப்பனார், தாயார், பாட்டி, ஐந்து வயது அக்காள். ஓரத்தில் நகை ஒன்றும் இல்லாமல் ஒரு பெண் நிற்கிறாள். அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

“இந்தக் கொழந்த நாந்தான்” என்றார் ஆச்சி பெருமையோடு. அப்பா பெயர், அம்மா பெயர், பாட்டி பெயர், பாட்டி பிறந்த ஊர் எல்லாம் சொன்னார்.

“உங்களைத் தூக்கிக் கொண்டு நிற்பது யார், ஆச்சி?”

“அதுவா? அது ஆயா. எனக்குப் பத்து வயசு மட்டும் எங்க வீட்லதான் இருந்தா. எனக்குச் சோறு ஊட்டினதெல்லாம் அவதான்.”

“அவள் பெயர்?”

ஆச்சி வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பேரு... ஆயான்னுதாம்மா கூப்பிடுவோம்... சவம், ஞாபகம் வரமாட்டேங்கே!”

அதற்கப்புறம் ஆச்சி காப்பி கூடக் குடிக்கவில்லை. பேரனை விட்டுச் செல்போனில் பாளையங்கோட்டையில் இருக்கும் அக்காளைக் கூப்பிடச் சொன்னார். அக்காளுக்குத் தொண்ணூற்று மூன்று வயது, காது மந்தம். “ஆயா பேரு! ஆயா பேரு!” என்று ஆச்சி கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். குரும்பூர்ப் பக்கத்து ஊர்க்காரி என்பது மட்டும் அக்காளுக்கு நினைவு இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

நான் சென்னைக்குத் திரும்பிப் பத்து நாள் ஆயிற்று. ஒரு நாள் காலையில் ஆபீஸுக்குப் புறப்படும்போது ஆச்சியே பேசினார்.

“எம்மா, பேரு கெடச்சிட்டு! அக்காவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஞாபகம் வந்திருக்கு. படத்துக்குப் பின்னால பென்சிலால எழுதிட்டேன்.” பெயரையும் சொன்னார். நான் குறித்துக் கொண்டேன்.

“பத்திரிகையில போட்டுராதீங்க, என்னா? அவ பேத்தி இந்தப் பக்கந்தான் எங்கயோ இருக்காளாம். மொதல்ல அவ கையில இந்தப் படத்தக் காட்டணும்.”